பின்வீட்டுக்கு ஒரு கையெழுத்து

மகள்,

உன்ர காயிதம் போன வியாழக்கிழமை கிடைச்சுது. சாம்பியாவில இந்த முறை மழை பிந்திட்டுது எண்டும், பேரன் பள்ளிக்கூட ஓட்டத்தில முதலாவதா வந்தவன் எண்டும் எழுதியிருந்தாய். சந்தோசம். அதுக்குக் கீழ எழுதினதைத்தான் நான் நாலைஞ்சு தரம் திருப்பித் திருப்பி வாசிச்சன். "அப்பா, கண் மங்கலாப் போச்சு, லாம்பு வெளிச்சம் காணாது எண்டுறியள். முன்வீட்டில கரண்ட் இருக்கேக்க பின்வீட்டில இருட்டுக்க இருந்துகொண்டு எனக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லிப் படிவம் அனுப்புறியள். முந்தி அங்க எரிஞ்ச லைற்றுக்கு என்ன நடந்தது? வாழ்நாள் முழுக்க வயரிங் செய்த மனுசன், உங்களுக்கெண்டு ஒரு வயரை இழுத்துப் போட ஏலாதோ?" எண்டு கேட்டிருந்தாய். பிறகு, வேற மையில, வேற ஒரு நாள் எழுதினாய் போல: "அம்மாதான் எனக்கு ஒரு வரி எழுதாமலே போய்ச் சேர்ந்தா. நீங்களாவது படிவம் வைக்காமல் ஒரு காயிதம் எழுதுங்கோ." இந்தக் காயிதத்துக்குள்ளையும் படிவம் இருக்கு, கோவிக்காதை. ஆனால் அது ஏன் எண்டதை இந்த முறை ஒளிக்காமல் சொல்லப்போறன். அம்மா ஏன் எழுதேல்லை எண்டதும் அதுக்குள்ளதான் கிடக்கு.

முதல்ல இஞ்சத்தை நிலவரத்தைச் சொல்லிப்போடுறன். நான் சுகம். காலமை பால்காரன் வந்து படலையில போத்திலை வைச்சிட்டுப் போறவன். அவனோட ரெண்டு கதை கதைச்சால் கதைச்சது, இல்லாட்டி அண்டைக்கு முழுக்க ஒருத்தரோடயும் கதையில்லை. சில நாளில பொழுதுபடேக்க தொண்டையைச் செருமிப் பாக்கிறனான், குரல் கிடக்கோ எண்டு. வெள்ளிக்கிழமைகளில முன்வீட்டைத் திறந்து கூட்டிப்போட்டு, ஒவ்வொரு சுவிச்சாப் போட்டுப் பாத்து நூக்கிறனான். விறாந்தை, சாமியறை, உங்கட அறை, குசினி. எல்லாம் நல்லா எரியுது. பிறகு பூட்டிப்போட்டுப் பின்னுக்கு வந்து லாம்பைக் கொளுத்துறனான். படலையடியில நிண்டு பாத்தால் உட்துறைமுகத்தில நிக்கிற கப்பல்கள் எல்லாத்துக்கும் லைற் எரியுது. எனக்குத்தான் ஒண்டையும் காணேல்லை. முன்வீட்டில போய் இருங்கோ எண்டு நீயும் எத்தினை தரம் எழுதிட்டாய். அது ஏலாது, மகள். உனக்கு எண்டு எழுதிக் குடுத்த வீடு. மகளுக்கு வீட்டைக் குடுத்தால் தாய் தகப்பன் பின்னுக்கு ஒதுங்கிறதுதான் எங்கட பக்கத்து வழக்கம். நீ இல்லை எண்டிட்டு அதுக்குள்ள போய்ப் படுத்தால் எனக்கு நித்திரை வராது. அந்தக் கட்டிலும் கதிரையும் நீயில்லாமல் கிடக்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்க எனக்குத் துணிவில்லை எண்டதும் உண்மை.

உனக்கு நினைவிருக்கோ தெரியாது, இந்த வீட்டுக்கு வயரிங் செய்த காலம். வெள்ளைக்கார நேவி கப்பல் திருத்துற டொக்யாட்டை விட்டிட்டுப் போன பிறகு, அங்க எலெக்றிக் பக்கத்தில வேலை செய்த நாங்கள் கனபேர் நடுத்தெருவில நிண்டம். நான் சோதினை எழுதி வயர்மன் லைசென்ஸ் எடுத்து ரவுணுக்குள்ள வேலை செய்யத் தொடங்கினன். சட்டம் சின்னது. வேலை தொடங்க முதல் எலெக்றிக் கந்தோருக்கு நோட்டீஸ் குடுத்து அறிவிக்க வேணும். வீடு ஆற்ற பேரில கிடக்கோ அவை படிவத்தில கையெழுத்து வைக்க வேணும். முடிஞ்ச பிறகு லைசென்ஸ்காரன் தன்ர பேரைப் போட்டுக் குடுக்க, இன்ஸ்பெக்டர் வந்து சோதிச்சுப்போட்டுத்தான் கரண்ட். ஒரே வளவுக்குள்ள இன்னொரு கட்டிடத்துக்கு இழுக்கிறதெண்டாலும் புதுசா இதே கதைதான். அதோட அந்தக் கட்டிடத்துக்கெண்டு ஒரு தனி மெயின் சுவிச்சும் வேணும், ஆருக்கும் ஏதும் நடந்தால் ஓடிப்போய் நிப்பாட்ட. எங்கட வீட்டு வேலை முடிஞ்சு சுவரெல்லாம் சுவிச்சு, மோட்டுக்குக் கீழ பல்ப், எல்லாம் தயார். இன்ஸ்பெக்டர் லீவில போயிட்டார். லைன் வேலை செய்யிற பொடியள் வந்து, "அண்ணை, கொழுவி விடுறம், பேப்பரைப் பிறகு பாப்பம்" எண்டாங்கள். நான் ஏலாது எண்டிட்டன். ரெண்டு கிழமை பல்ப்புக்குக் கீழ லாம்பை வைச்சு நீ சோதினைக்குப் படிச்சனி. அழுதுகொண்டு ஒருநாள் கேட்டாய், "அப்பா, அந்த இன்ஸ்பெக்டர் செத்துப்போனால் எங்களுக்கு லைற்றே இல்லையோ?" எண்டு. அம்மா குசினிக்குள்ள இருந்து, "உங்கட இன்ஸ்பெக்டர் வந்து சோதிச்சுச் சொன்னால்தான் நீங்கள் சோத்துக்கும் வருவியளோ?" எண்டு கத்தினவ. தெருவில எனக்கு நோட்டீஸ் மாஸ்டர் எண்டு பேர் வைச்சாங்கள். எனக்கு அது பெருமை. கடற்கரை ஊரில உப்புக் காத்து வயரைத் தின்னும், ஒழுங்கா இழுக்காட்டில் ஆளைத் தின்னும் எண்டு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான்.

அப்பிடிப்பட்ட நோட்டீஸ் மாஸ்டர் செய்த வேலையைக் கேள். உன்ர கலியாணத்துக்குப் பந்தலில லைற் போட மூண்டு நாளுக்குத் தற்காலிக லைன் எண்டு கந்தோருக்கு அறிவிச்சுத்தான் செய்தனான். நாலாம் நாள் பந்தல் கழட்டினாங்கள். அண்டைக்குத்தான் நானும் அம்மாவும் சட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வீட்டுக்கு வந்தம். தகரக் கூரை, ஒரு அறை, ஒரு சின்னக் குசினி. லைற் இல்லை. முன்வீடு அண்டையில இருந்து உன்ர வீடு, கையெழுத்து நீ வைக்க வேணும். புதுப்பொம்பிளையிட்ட நேர போய்க் கேக்கிறது மரியாதை இல்லை, மருமகனிட்டச் சொல்லித்தான் கேக்க வேணும் எண்டு நான் நினைச்சன். படிவத்தை நிரப்பி, நல்ல சேட் ஒண்டைப் போட்டுக்கொண்டு முன்பக்கத்தால சுத்திப் போனன். எங்கட வீட்டுக்கே விருந்தாளி மாதிரி. அவர் விறாந்தையில பேப்பர் பாத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் எழும்பி நிண்டு, "என்ன மாமா, இருங்கோ" எண்டார். மரியாதையான பிள்ளை. சீதனமாக் குடுத்த வீட்டில, ஒரு கிழமை ஆக முதல், "எனக்கொரு லைற் வேணும், உத்தரவு தாங்கோ" எண்டு மாமன்காரன் பேப்பரை நீட்டுறதோ? "ஒண்டுமில்லை தம்பி, மழை வரும்போல கிடக்கு, அதுதான் பாத்தனான்" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி வந்திட்டன். சித்திரை வெயில் கொளுத்துது அண்டைக்கு. அவர் மேகத்தைத் தேடினதை நான் திரும்பிப் பாத்தனான்.

அம்மா கேட்டா, "வைச்சாச்சோ கையெழுத்து?" எண்டு. "அவை கொஞ்சம் ஆறட்டும், பிறகு கேப்பம்" எண்டன். பந்தலுக்குப் போட்ட வயர் சுருட்டாமல் வளவுக்க கிடந்தது. அதின்ர ஒரு நுனி முன்வீட்டுக் குசினிப் பிளக்கில அப்பிடியே இருந்தது. மற்ற நுனியைப் பின்வீட்டுக்குக் கொண்டந்து ஒரு பல்ப்பைக் கொழுவினன். நடுவில வயர் தொய்ஞ்சுது, பிடிக்க ஒண்டும் இல்லை. முன்வீட்டுச் சுவரில இருந்து பின்வீட்டுத் தூண் மட்டும் உடுப்புக் காயப்போடுற கொடிக்கம்பி கட்டியிருந்தன் அல்லோ, இரும்புக் கம்பி. அதோட சேத்து வயரை அங்கங்க கட்டி விட்டன். தனிச் சுவிச்சும் இல்லை, ஒண்டும் இல்லை. ஒரு மாதத்துக்குத்தானே எண்டு நினைச்சன். வேற ஒருத்தன்ர வளவில இதைக் கண்டிருந்தால் அவனை நாய் மாதிரிப் பேசியிருப்பன். உங்கள் ரெண்டு பேருக்கும் இதில ஒண்டும் தெரியாது. மாமா வயரிங்காரன், முறையாத்தான் செய்திருப்பார் எண்டு மருமகன் நினைச்சிருப்பார். பிறகு நீ பிள்ளைத்தாச்சி, பிறகு பிள்ளை, பிறகு சாம்பியா வேலை. கேக்கிற நாள் வரவேயில்லை. நாலு வருசம் அந்த வயர் வெயிலிலையும் உப்புக் காத்திலையும் கிடந்தது.

நீங்கள் வெளிக்கிட்ட அண்டு ரயிலடியில அம்மா சொன்னது உனக்கு மறக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். பேரனைத் தூக்கி வைச்சுக்கொண்டு, "போறதெண்டால் போ. என்னட்டை இருந்து காயிதம் கீதம் எதிர்பாராதை" எண்டா. அது அவவின்ர வாய். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடேல்லை. ரெண்டு மாதம் வீம்பா இருந்தா. கார்த்திகை தொடங்கேக்க தானே தபால் கந்தோருக்குப் போய் எயார்மெயில் தாள் ஒண்டு வேண்டிக்கொண்டு வந்து அலுமாரியில வைச்சவ. "ஞாயித்துக்கிழமை இருந்து எழுதுவம். பேரன்ர பல்லு முளைச்சிட்டுதோ எண்டு கேக்க வேணும்" எண்டா. வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை பிடிச்சுக்கொண்டுது. அம்மா உடுப்பு எடுக்க ஓடினவ. நான் உள்ளுக்க பல்ப்புக்குக் கீழ இருந்து ஆற்றையோ வயரிங் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தன், அதையும் கேட்டு வை. ஒரு சத்தம். வெளிய பாத்தால் அம்மாவின்ர வலக்கை கொடிக்கம்பியைப் பிடிச்சபடி, விட ஏலாமல் நிக்கிறா. தொட்டால் கரண்ட் என்னையும் பிடிச்சுக்கொள்ளும் எண்டு தெரியும். மெயின் சுவிச்சு முன்வீட்டுக்குள்ள. முன்வீடு பூட்டு. திறப்பு அம்மாவின்ர சீலைத் தலைப்பில முடிஞ்சு கிடக்கு. எத்தினை வீட்டுக்காரருக்குச் சொல்லியிருப்பன், அந்தந்தக் கட்டிடத்துக்கு அந்தந்தச் சுவிச்சு வேணும் எண்டு! குசினிக்க போய் உலக்கையை எடுத்துக்கொண்டு வந்து கம்பியில அடிச்சன், விடேல்லை. பிறகு அவவின்ர கையிலயே அடிச்சன். விழுந்திட்டா.

உயிர் தப்பிச்சுது. உள்ளங்கையும் விரலும் கருகிப்போச்சு. ஆசுப்பத்திரியில டொக்டர் என்ன நடந்தது எண்டு என்னைப் பாத்துக் கேட்டார். நான் வாய் திறக்க முதல், அந்த வலிக்குள்ளையும் அம்மா சொன்னா, "அடுப்புக் கொள்ளியைத் தெரியாமல் பிடிச்சிட்டன், ஐயா." அவர் நம்பினாரோ தெரியாது, அப்பிடித்தான் எழுதினார். உண்மை வெளிய வந்தால் என்ர லைசென்ஸ் போயிடும் எண்டு அவவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நானும் ஓம் எண்டு தலையாட்டினன். வீட்டுக்கு வந்து அந்த வயரைப் பிடுங்கிச் சுருட்டிக் கிணத்தடிக்குப் பின்னால தாட்டுப்போட்டு, அடுத்த திங்கக்கிழமை வழமைபோல வேலைக்குப் போனன். இன்னொருத்தன்ர வீட்டுக்கு என்ர பேரைப் போட்டு, எல்லாம் சட்டப்படி செய்யப்பட்டிருக்கு எண்டு கையெழுத்து வைச்சன். வெக்கங்கெட்ட கை. அண்டையில இருந்துதான் பின்வீட்டில லாம்பு. இப்ப விளங்குதோ, ஒரு வயரை இழுத்துப் போட ஏலாதோ எண்டு நீ கேட்டதுக்கு நான் ஏன் அந்த வரியை நாலைஞ்சு தரம் வாசிச்சன் எண்டு?

இனித்தான் பெரிய குற்றம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தாளும். காயம் ஆறினாலும் அம்மாவின்ர விரல் மூண்டு மடிஞ்சபடி நிண்டிட்டுது. பேனை பிடிக்க ஏலாது. நான் உனக்கு எழுதுற காயிதங்களில, "அம்மாவும் நல்ல சுகம்" எண்டு எழுதிக்கொண்டு வந்தன். தை மாதம் ஒருநாள் அம்மா அந்த எயார்மெயில் தாளை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால வைச்சா. "நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ. ஒரு சொல்லும் மாத்தப்படாது" எண்டா. சொன்னா, எழுதினன். வாசிச்சுக் காட்டச் சொன்னா, காட்டினன். ஒட்டிப்போட்டு, "இப்பவே போய்ப் போடுங்கோ" எண்டு அனுப்பினவ. தபால் கந்தோர் வாசலில நான் கன நேரம் நிண்டன். அதில எல்லாம் இருந்தது. கை, கம்பி, கையெழுத்து. மருமகன் படிச்ச மனுசன், பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஒரு கையெழுத்துக் கேக்க வெக்கப்பட்டு மாமா, மாமியின்ர கையை எரிச்சுப்போட்டார் எண்டு நினைப்பாரே எண்டு எனக்கு உடம்பெல்லாம் கூசிச்சுது. நீ என்னை என்ன நினைப்பாய் எண்ட பயம் அதைவிடப் பெரிசு. அதை நாலாக் கிழிச்சு அங்க இருந்த குப்பைத் தொட்டிக்க போட்டன். அங்கேயே புதுத் தாள் ஒண்டு வேண்டி, "நாங்கள் சுகம், நீங்கள் சுகமோ" எண்டு எழுதிப் போட்டிட்டு வீட்டுக்கு வந்து, "போட்டாச்சு" எண்டன்.

அம்மா நாளை எண்ணிக்கொண்டு இருந்தவ. உன்ர பதில் வந்தது. அவவே உடைச்சு வாசிச்சா. புது வீட்டுக்கு மாறினது, சாமான் விலை, பேரன்ர இருமல் எல்லாம் எழுதி, கடைசியில, "அம்மாவையும் கேட்டதாகச் சொல்லுங்கோ" எண்டு ஒரு வரி. வேற ஒண்டும் இல்லை. உனக்கு என்ன தெரியும், பாவம். அம்மா தாளைத் திருப்பிப் பாத்தா, பின்பக்கத்தில ஏதும் இருக்கோ எண்டு. "என்ர கையைப் பற்றி ஒரு சொல்லும் கேக்கேல்லையே அவள்" எண்டா. அப்ப சொல்லியிருக்கலாம், மகள். அந்த நிமிசம், அவவின்ர காலடியில இருந்து, நான் போடேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். "பிள்ளைக்கு ஆயிரம் வேலை" எண்டன். அதுக்குப் பிறகு அவ ஒருநாளும் எழுதச் சொல்லேல்லை. நீயும் முதல் லீவுக்கு இஞ்ச வராமல் மச்சான் வீட்டுக்கு லண்டனுக்குப் போனாய். அங்க நீ அம்மாவுக்குக் கோவம் எண்டு நினைச்சாய். இஞ்ச அவ தன்னை நீ மறந்திட்டாய் எண்டு நினைச்சா. நடுவில நான் இருந்து ரெண்டு பக்கத்துக்கும் சுகம் சுகம் எண்டு எழுதிக்கொண்டிருந்தன். நீங்கள் போய் நாலாம் வருசம் அம்மா காய்ச்சல் வந்து, கிடந்து, போயிட்டா. தந்தி கிடைச்சும் உன்னால வந்துசேர ஏலேல்லை. கடைசி ரெண்டு நாளும் உன்ர பேரைச் சொன்னவ. நான் அப்பவும் சொல்லேல்லை.

போன வருசம் எலெக்றிக் கந்தோருக்குப் போய் லைசென்ஸை மேசையில வைச்சன். நடந்ததைச் சொன்னன். அங்க இருந்த கிளாக்கர் பொடியன் என்னை விசரன் எண்டு நினைச்சிருப்பான். "பழைய கதை, ஐயா. இப்ப லைற் வேணுமெண்டால் வீட்டுச் சொந்தக்காரரின்ர கையெழுத்தைக் கொண்டு வாங்கோ, வேற வயர்மன் செய்யட்டும்" எண்டான். அவன் சொன்னது சரி, அதுதான் பிறகு வந்த காயிதங்களில படிவம் வைச்சன். நான் தொட மாட்டன், வேற ஆள் செய்யட்டும். படிவத்தில எங்க வைக்க வேணும் எண்டு பென்சிலால புள்ளி போட்டிருக்கிறன். இதை வாசிச்ச பிறகு உனக்குக் கையெழுத்து வைக்க மனம் வராட்டி வையாதை. நான் இருட்டில இருந்து பழகிட்டன், உன்னில ஒரு குறையும் நினைக்க மாட்டன். உன்ர பிள்ளையளிட்ட ஏதும் கேக்க வேண்டி வந்தால் மட்டும் வெக்கப்படாமல் கேள், அவ்வளவுதான் நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி. அப்பா வேண்டாம் எண்டால் எழுதாமல் விடு, அதுவும் எனக்குக் காணும். ஆனால் அம்மா உனக்கு எழுதினவ. அந்தக் காயிதம் உனக்கு வந்து சேர வேணும். என்ர கையால எழுதினது, ஒரு சொல்லும் மறக்கேல்லை. இனி வாறது அவ சொன்னது. அவ சொன்ன மாதிரியே, ஒண்டையும் மாத்தாமல் எழுதுறன்.

"பிள்ளை, உன்ர அப்பாவைக் கொண்டுதான் இதை எழுதுவிக்கிறன். என்ர வலக்கை ஏலாமல் போச்சு. கொடிக்கம்பியில கரண்ட் அடிச்சது. பயப்பிடாதை, இடக்கையால சோறு தின்னப் பழகிட்டன், பாக்கத்தான் வடிவில்லை. லைற்றுக்கு உன்ர கையெழுத்துக் கேக்க வெக்கப்பட்டுக் கொப்பர் களவா இழுத்த வயர் அது. அவரை நீ ஏசாதை, நான் காணுமான மட்டும் ஏசிட்டன். இதை எழுதேக்க அவரின்ர முகத்தை நீ பாக்க வேணும். ரயிலடியில நான் சொன்னதை மனசில வைச்சிருக்காதை. எனக்கு உன்னோட கோவமில்லை, உன்னை விட்டிட்டு எப்பிடி இருக்கிறது எண்ட பயம். பேரனுக்குப் பல்லு முளைச்சிட்டுதோ? குளிர் எண்டால் காதை மூடி விடு. படிவம் ஒண்டு இதோட வரும், கையெழுத்து வைச்சு அனுப்பு. கொப்பர் கேக்க மாட்டார், நான் கேக்கிறன். வேலை கூட எண்டால் அது பிந்தினாலும் பரவாயில்லை. என்ர கைக்கு இப்ப எப்பிடி எண்டு மட்டும் ஒரு வரி கேட்டு எழுது."